சிவப்பு வேலை, நீல வேலை

ஆகஸ்ட் 4, திங்கள்

நல்ல வெயில். கொத்தனார் யாரும் இல்லை. சித்தாள் யாரும் இல்லை. நான் ஒருவன்.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். முதலில் வானிலை, பிறகு ஆள் கணக்கு, பிறகு நடந்த வேலை. சைட் டைரி என்று பெயர். மருமகள் பிரம்மசக்தி காலையில் இந்த நோட்டைக் கையில் கொடுத்தாள்.

"தினமும் எழுதணும் மாமா. விட்டா வேலை கைய மீறிப் போயிரும்."

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் பாதி. அப்புறம் இந்த வள்ளியூரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று மைக்செட் கட்டியே காலம் போய்விட்டது. "எழுதுததுக்குப் பதிலா மைக்குல சொல்லிருதேன் தாயி. ஊருக்கே கேக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நடந்த வேலை: ஜெபமணி டீச்சர் வீட்டு மேல்தளத்துக்குத் தண்ணீர் விட்டேன்.

இந்த வீடு என் மகன் நம்பிராஜன் காண்டிராக்ட் எடுத்தது. தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற அன்றைக்கு வேலையாட்களுக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கான்கிரீட் முடிகிற நேரத்தில் அதை வாங்கத்தான் பைக்கில் போனான். நாலுவழிச் சாலையில் லாரி. பொட்டலம் ஒன்றுகூட நசுங்கவில்லை என்று கொத்தனார் சுடலை சொன்னான். அதை ஏன் என்னிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று நம்பி போனில் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பான். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த கட்டட வேலை. அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்த மறுநாளே குடத்தோடு மாடி ஏறினேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

"போதும் மாமா, தளம் இறுகிருச்சு. அடியில குடுத்த முட்டுக்கம்பு எல்லாத்தையும் பிரிக்கலாம்" என்றாள் பிரம்மு.

"இன்னும் ஒரு வாரம் விடுதேன் தாயி. வெயிலு கடுமையா இருக்கு."

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். ஆள் இல்லை.

டீச்சர் வந்தார்கள். ரிட்டையர் ஆனவர்கள். வாடகை வீட்டில் இருக்கிறார்கள், வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லி நெருக்குகிறான். கிறிஸ்துமஸைப் புது வீட்டில் கொண்டாட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. "வேற ஆள்கிட்ட குடுத்தா நீங்க மனசு கஷ்டப்படுவீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள்.

பிரம்மு சொன்னாள்: "அவிய ஒத்துக்கிட்ட வீடு டீச்சர். நான் முடிச்சுக் குடுக்கேன்."

அவள் சிவில் டிப்ளமா. கல்யாணத்துக்கு முன்னால் ஓசூரில் ஒரு கட்டடக் கம்பெனியில், எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று திட்டம் போடுகிற பிரிவில் இருந்தாள். நம்பிக்கும் கணக்கெல்லாம் அவள்தான் போட்டுக் கொடுப்பாள்.

டீச்சர் போன பிறகு என்னிடம் சொன்னாள். பழைய கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்களாம். தை பிறப்பதற்குள் சேர வேண்டுமாம். "இந்த வீட்டை முடிச்சிட்டுப் போறேன் மாமா. நீங்களும் எங்கூட வாங்க."

"பொம்பளப் பிள்ளைய தங்குத ஹாஸ்டல்ல எனக்கு என்னட்டி வேலை? வாட்ச்மேனாக் கூடச் சேக்க மாட்டான். நீ போயிட்டு வா தாயி."

நல்ல விஷயம்தான். பிள்ளை குட்டி இல்லாத சின்ன வயசுக்காரி. போகட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். சென்ட்ரிங் ஆள்கள் தளத்துக்கு அடியில் இருந்த முட்டுக்கம்புகளைப் பிரித்தார்கள். தளம் கல் மாதிரி நிற்கிறது. ஒரு கீறல் இல்லை.

மாலையில் பாடம். பிரம்மு பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, எங்கள் வீட்டுச் சுவர் நீளத்துக்கு ஒரு சார்ட் போட்டாள். இடது ஓரத்தில் வேலைகள், மேலே தேதிகள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. கையில் நம்பியின் பென்சில். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். எப்போதும் அவன் காதில் சொருகியிருக்கும். போலீஸ்காரர் கொடுத்த பையில் வாட்ச்சோடு இதுவும் இருந்தது.

"சுவத்துக்குள்ள கரண்டு பைப் பதிக்கணும். பதிச்சாத்தான் பூச்சு. பூசினாத்தான் தரைக்கு டைல்ஸ். டைல்ஸ் போட்டாத்தான் கதவு. கதவு மாட்டினாத்தான் கடைசி பெயிண்டு. இதுல எது ஒரு நாள் பிந்தினாலும் வீடே ஒரு நாள் பிந்தும். இது சிவப்பு. காம்பவுண்டு சுவரு, கேட்டு, தண்ணித்தொட்டி எல்லாம் அப்படி இல்ல. கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா ஒண்ணும் நிக்காது. அது நீலம்."

"இந்தச் சிவப்புக்கு உங்க படிப்புல என்னட்டி பேரு?"

"கிரிட்டிக்கல்னு சொல்லுவோம் மாமா."

"ஆஸ்பத்திரியில சொன்னாவள்லா, அதுவா?"

கேட்ட பிறகுதான் என் வாய் செய்த வேலை எனக்குத் தெரிந்தது. அவள் சார்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தச் சொல்லை இனி இந்த வீட்டில் எடுப்பதில்லை. சிவப்பு வேலை, நீல வேலை. போதும்.

பேச்சை மாற்ற, "எனக்குச் சோறு வடிக்கியே, அது சிவப்பா நீலமா?" என்று கேட்டேன்.

"நீலம். அரை மணி பிந்தினா செத்தா போவீய?"

"காப்பி?"

"அய்யோ, அது சிவப்பு. பிந்தினா தெருவே நாறும்."

அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லேசான மேகம். கொத்தனார் இரண்டு, சித்தாள் இரண்டு. காம்பவுண்டு சுவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. சொன்ன தேதிக்கு முன்னாலேயே செங்கல் இறக்கியவன் நான். சுடலையே அசந்துவிட்டான்.

எலக்ட்ரீசியன் வரவில்லை. போன் போட மறந்துவிட்டேன். வயசாகிவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

எலக்ட்ரீசியன் இன்றும் வரவில்லை. எனக்கு இன்றும் வயசாகியிருந்தது.

செப்டம்பர் 3, புதன்

வெயில். சுவர் வெட்டிக் கரண்டு பைப் பதித்து முடித்தார்கள். நாளை பூச்சு ஆரம்பம். மத்தியானம் சுடலை தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, எங்க குலசாமி கோயில்ல கொடை. வெள்ளி சனி மட்டும் எங்க ஆளுவ போயிட்டு ஓடியாந்துருதோம்."

"ஏல, உனக்கே சுடலைமுத்துன்னு பேரு. சாமிய பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி அவசரமாவா கும்பிடுவ? எட்டு நாள் கழிச்சு வார எட்டாம் கொடையும் இருந்து பாத்துட்டு வாங்கல. எங்க மைக்செட்டை ஓசியாத் தாரேன், கொண்டு போ."

அவனுக்கே நம்ப முடியவில்லை. "பிரம்மு அக்கா வைவாவள்லா?"

"அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சாமி காரியம். குறுக்கே நிற்கக் கூடாது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆள் இல்லை.  பிரம்மு சார்ட்டில் சிவப்புப் பட்டைகளை அழித்துவிட்டு ஒவ்வொன்றையும் வலது பக்கம் தள்ளி மறுபடி போட்டாள். பென்சிலின் சிவப்பு முனையைப் பிளேடால் சீவிக்கொடுத்தது நான்தான்.

செப்டம்பர் 17, புதன்

வெயில். கொத்தனார் மூன்று, சித்தாள் நாலு. படுக்கையறை இரண்டும் பூசியாகிவிட்டது.

ஹாலுக்கு வந்தார்கள். வடக்குச் சுவரில் நம்பி எழுதியது கிடக்கிறது. பூசாத செங்கல்லின் மேல் இந்தப் பென்சிலாலேயே கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறான். ஏதோ அளவுகள். அதற்குக் கீழே, "அலமாரி இங்கயா? பிரம்முட்ட கேக்கணும்."

கேட்டானா என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

சுடலை கரண்டியில் கலவையோடு நின்றான். யாரும் சொல்லாமலே நின்றான். பிரம்மு சொன்னாள்: "அந்தச் சுவரை மட்டும் கடைசியா வச்சுக்கிடலாம் அண்ணே."

அது சிவப்பு வேலை என்று எனக்குத் தெரியும். இப்போது எல்லாம் தெரியும்.  ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தண்ணித்தொட்டியைப் பார்க்கப் போனேன்.

அக்டோபர் 8, புதன்

மேகமூட்டம். டைல்ஸ் வந்தது. பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தேன். பெட்டிக்குப் பெட்டி நிறம் வேறாக இருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

டீச்சர் ஒரு டைல்ஸை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். "எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுது, மைக்செட்டு."

"டீச்சர், நீங்க மொதல்ல கண்ணாடிய மாத்தணும்."

சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் போகும்போது வாசலில் நின்று திரும்பி வீட்டைப் பார்த்தார்கள். வாடகை வீட்டில் பாதிச் சாமானைக் கட்டி வைத்துவிட்டார்களாம். பாயை மட்டும் விரித்துப் படுக்கிறார்களாம்.

தண்ணித்தொட்டி முடிந்தது. கேட் மாட்டியாகிவிட்டது. எல்லாம் என் மேற்பார்வை.

அக்டோபர் 22, புதன்

மழை. ஆள் இல்லை.

பிரம்மு ஹாலில் வடக்குச் சுவருக்கு எதிரே சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போகாமல் குடையோடு வாசலிலேயே நின்றேன். வெகுநேரம் நின்றேன். கால் கடுத்துவிட்டது.

அக்டோபர் 31, வெள்ளி

தூறல். டைல்ஸ் வேலை பாதி. ஆசாரியிடம் போய்க் கதவு மரம் இன்னும் பச்சையாக இருக்கிறது, காயட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மரத்தைத் தட்டிக் காட்டினார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். மைக்செட்காரன் காது அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டுவிட்டு. ஆள் கணக்கு எழுதத் தோன்றவில்லை.

ஓசூரிலிருந்து போன். ஜனவரி முதல் வாரம் கடைசி. அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்களாம்.

மாலையில் பிரம்மு என்னைச் சார்ட்டுக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"மாமா, காம்பவுண்டு சுவரு ஒரு நாளாச்சும் பிந்திச்சா?"

"நான் நிக்கும்போது எப்படிப் பிந்தும்?"

"தண்ணித்தொட்டி?"

"முந்தியே முடிச்சாச்சுல்லா."

"கேட்டு?"

"ஆடுது பாரு, அம்சமா."

"கரண்டு பைப்பு பிந்திச்சு. பூச்சு பிந்திச்சு. டைல்ஸ் பிந்திச்சு. இப்போ கதவு. அம்புட்டும் சிவப்பு. மறதியா இருந்தா நீலத்துலயும் நாலு விழுந்திருக்கணும் மாமா. மறதிக்கு நெறம் தெரியாதுல்லா?"

நான் மேலே ஓடுகிற பல்லியைப் பார்த்தேன்.

"எங்கூடப் படிச்ச பயலுவளுக்கே கடைசி வரைக்கும் புரியல. நீங்க நல்லாப் படிச்சிட்டீய" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

"அப்போ அந்த வடக்குச் சுவரு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள். "அது நான்."

  தட்டு வைத்துச் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் வரலன்னு நாளைக்குக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன் மாமா."

நம்பி படத்துக்கு மாலை போட்ட ஆணியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். தினமும் அந்தப் படத்துக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கையைக் கழுவிவிட்டு அதே இடத்தில்தான் படுக்கிறாள். இருபத்தெட்டு வயசு.

நான் கேட்டது கிடைத்துவிட்டது.  உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 8, சனி

வெயில்.

அவள் எழுவதற்குள் அவளுடைய போனை எடுத்து என் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு சைட்டுக்கு வந்துவிட்டேன். திருட்டுத்தான்.

ஆசாரியிடம் போனேன். "மரம் காஞ்சிருச்சு. உடனே கொண்டாந்து மாட்டும் வே."

"ஒரு வாரத்துலயா காஞ்சிச்சு? அதுவும் மழைல?"

"மரத்துக்குத் தோணிருச்சு."

டைல்ஸ் ஆள்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தேன். இவர்கள் ஓர் அறையை முடிக்க முடிக்க, பெயிண்டர் பின்னாலேயே சுவரில் நுழையலாம். வீடு முழுக்கத் தரை முடியட்டும் என்று பெயிண்டர் சும்மா நிற்க வேண்டியதில்லை. நான் குலைத்த சிவப்பு எப்படிக் குலைந்தது என்று எனக்குத் தெரியுமே, அதைத் திருப்பிப் போட்டேன். சுடலை என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணாச்சி, அக்கா சொல்லி இத்தனை மாசமாக் கேக்காத ஆளு, ஒரு ராத்திரியில என்னாச்சு?"

"வாய மூடிட்டு வடக்குச் சுவருக்குக் கலவை போடுல."

அவன் போடவில்லை. "அக்கா வரட்டும்" என்றான்.

போனைத் தேடிக்கொண்டு பிரம்மு பத்து மணிக்கு வந்தாள். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "ஓசூருக்குப் போட்டியா?" "எதுல போட?" என்றாள். அப்புறம்தான் சட்டியில் கலவையையும் சுவரையும் பார்த்தாள்.

எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டோம். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்தத் துண்டுப் பென்சிலை எடுத்தாள். நம்பி எழுதியதற்கு நேர் கீழே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் குனிந்து, சிவப்பில் எழுதினாள்: "ஆமா. இங்கதான்."

பிறகு தள்ளி நின்றாள். "பூசுங்க அண்ணே."

அளவு மாறாமல் அலமாரிக்கு இடம் விட்டு, சுடலை கீழிருந்து மேலாகப் பூசினான். முதலில் அவள் எழுதியது மறைந்தது. அப்புறம் அவன் எழுதியது.

நவம்பர் 9, ஞாயிறு

லீவு. சுவருக்குத் தண்ணீர் விட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

சுவருக்குத் தண்ணீர் விட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. கொத்தனார் ஒன்று, பெயிண்டர் மூன்று, ஆசாரி இரண்டு. உள்ளே யாருக்கும் நிற்க இடமில்லை. ஒருவர் தோள் மேல் ஒருவர் வேலை செய்கிறார்கள். நேற்று பெயிண்டருக்கும் ஆசாரிக்கும் கைகலப்பு வரப் பார்த்தது. பழைய ஒலிபெருக்கியைக் கொண்டுபோய் ஹாலில் வைத்து, "ஆசாரி அவர்கள் உடனடியாகப் பின்வாசலுக்கு வரவும், இங்கே உங்கள் உளி அழுதுகொண்டிருக்கிறது" என்று அறிவித்தேன். பிரம்மு சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்ததற்காக உடனே அழுதாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

வெயில், காற்று. டீச்சர் புது வீட்டுப் பிரதிஷ்டை, நம்ம கிரகப்பிரவேசம் மாதிரி.

பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்ததும் டீச்சர் சாவியைப் பிரம்மு கையில் கொடுத்துக் கதவைத் திறக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாலி இல்லாத பிள்ளை, நல்ல காரியத்தில் முன்னால் வருவதா என்று. டீச்சர் கணீரென்று சொன்னார்கள்: "மைக்செட்டு, சாஸ்திரம் பாக்குறவங்க வெளிய நின்னு பாக்கட்டும். எனக்கு இந்த வீட்டைக் கட்டிக் குடுத்தவ இவ."

திறந்தாள். கதவு சத்தமே இல்லாமல் விலகியது. ஆசாரி என்னைப் பார்த்து மரத்தைத் தட்டிக் காட்டினார்.

ஹாலில் அலமாரி. அதில் டீச்சர் பைபிளையும் அவர்கள் வீட்டுக்காரர் படத்தையும் வைத்திருக்கிறார்கள்.

வேலையாட்களுக்குப் பரோட்டாவும் சால்னாவும் நான் வாங்கி வந்தேன். நாலுவழிச் சாலைக்குப் போகாமல் ஊருக்குள்ளே சுற்றி நடந்தே போய் நடந்தே வந்தேன். ஆறிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. சுடலை ஒரு துண்டைப் பிய்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் வாயில் போடாமல் இருந்தான். "தின்னுல" என்றேன். தின்றான்.

ஜனவரி 3, சனி

பனி. பிரம்மு ஓசூர் பஸ் ஏறினாள்.

பஸ் கிளம்ப நேரமாகும் என்று கண்டக்டர் சொன்னான். "இது சிவப்பு வேலையாம்ல, ஏன் பிந்துது?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, சுகர் மாத்திரை."

"தெரியும்லா."

"அடுப்ப அணைச்சோமான்னு ரெண்டாவது தடவ பாக்கணும்."

"மூணாவது தடவையும் பாக்கேன் தாயி. எனக்கு வேற என்ன சோலி?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஓசூர்ல கொசு ஜாஸ்தியாம், உன்ன மாதிரி நோஞ்சானைத் தூக்கிட்டே போயிரும்" என்றேன். பஸ் நகர்ந்துவிட்டது. சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஜனவரி 5, திங்கள்

பனி. ஆள்: நான் ஒருவன்.

சைட் முடிந்துவிட்டது. டைரி தேவையில்லை. ஆனால் ஒரு நாள் விட்டாலும் கையை மீறிப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறாள்.

சுவரிலிருந்த சார்ட்டைக் கழற்றி, அதன் ஓரத்தில் மிச்சமிருந்த வெள்ளைத் தாளில் எனக்கு ஒரு சார்ட் போட்டேன். காப்பி. குளியல். மைக்செட்டைத் துடைப்பது. மத்தியானச் சோறு. டீச்சர் வீட்டுப் பக்கம் ஒரு நடை. மாத்திரை. தூக்கம். எல்லாவற்றுக்கும் பட்டை போட்டாகிவிட்டது.

அவள் இந்தப் பென்சிலை எனக்கே விட்டுப்போயிருக்கிறாள். நான் அடிக்கடி தள்ளிப்போட்டதில், அழித்து அழித்துப் போட்டு, சிவப்பு முனை முழுக்கத் தேய்ந்துவிட்டது. சீவிப் பார்த்தேன். மரம்தான் வருகிறது.

அதனால்தான் எல்லாவற்றையும் நீலத்தில் போட்டேன். காப்பியையும்.